படத்துக்கு கீழ எத்தனை செகண்டுன்னு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல நடுப்பக்கம் முழுக்க நார்வே வானத்துல ராத்திரி தெரியற வடதுருவ ஒளி படம் போட்டிருந்தீங்க. பச்சைன்னா அப்படியொரு பச்சை, கீழ ஒரு மரவீடு, சுத்தியும் பனி, ஜன்னல்ல மஞ்ச வெளிச்சம். அதே பக்கத்துல கீழ் மூலைல ஒரு டூர் விளம்பரம், வடதுருவ ஒளி கண்டிப்பா பாக்கலாம், சீட்டு கொஞ்சம்தான் இருக்குன்னு. காலைல காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த பக்கத்தை யாரோ போட்டோ புடிச்சு எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்புல போட்டுட்டாங்க, அதுலருந்து எல்லாரும் எங்களைத்தான் கேக்கறாங்க, ஏன்னா நாங்க இந்த அரையாண்டு லீவுல குடும்பத்தோட அந்த கட்டுரைல வந்த ட்ரோம்ஸோங்கற வடநார்வே ஊருக்குத்தான் போயிட்டு வந்தோம். நீங்க பாத்ததும் இப்படித்தான் இருந்துச்சாங்கன்னு கேக்கறாங்க.

இல்லீங்க. அதை சொல்லத்தான் இந்த லெட்டர். நீளமா போயிருச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா செகண்ட் விஷயத்தை மட்டும் வெட்டிறாதீங்க.

அந்த படம் பொய்ன்னு நான் சொல்லல. கேமரா அந்த பச்சைய நெசமாவே புடிச்சிருக்கு. ஆனா கேமரா அஞ்சு செகண்டோ பத்து செகண்டோ கண்ணை தொறந்து வச்சு வெளிச்சத்தை சேத்து வச்சுக்குது, நம்ம கண்ணுக்கு அப்படி சேத்து வைக்க தெரியாது. அது ஒண்ணுதான் வித்தியாசம். ஆனா அது சின்ன வித்தியாசம் இல்லைங்கறது அங்க போய் நின்னாத்தான் தெரியுது.

எந்தம்பி ஆஸ்லோவுல வேலை பாக்கறான். அப்பாவுக்கு எழுபதை தாண்டிருச்சு, உடுமலை பக்கம் தோட்டம், தென்னைய விட்டுட்டு ரெண்டு நாள் சேந்தாப்புல எங்கயும் தங்கமாட்டாரு, மகனை பாக்கணும்னு சொல்லித்தான் இழுத்துட்டு போனோம். நான், வீட்டுக்காரர், காலேஜ் படிக்கற பொண்ணு, ஆறாவது படிக்கற பையன். அங்க போனதும் தம்பி, அக்கா இவ்ளோ தூரம் வந்தாச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் பிளைட்டுதான், வடக்க போய் அந்த வெளிச்சத்தை பாத்துட்டு வந்துருவோம்னான். அந்த ரெண்டு மணி நேர பிளைட்டு ஆர்க்டிக் வட்டத்தை தாண்டி இன்னும் 350 கிலோமீட்டர் கிட்ட வடக்க கொண்டு போய் விடுது.

டிசம்பர் கடைசில அங்க சூரியன் வர்றதே இல்லீங்க. நவம்பர் கடைசில போனா ஜனவரி 21 வாக்குலதான் ஊருக்குள்ள திரும்ப எட்டிப்பாக்குமாம், அன்னிக்கு ஸ்கூல் புள்ளைங்களுக்கெல்லாம் ஒரு பன்னு செஞ்சு குடுத்து கொண்டாடுவாங்களாம். நாங்க போனப்ப காலைல ஒம்பது பத்து மணிக்கு ஒரு நீல வெளிச்சம் வரும், மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் அதுவும் போயிரும். எங்கப்பா மொத நாள் ஜன்னலோரமா உக்காந்து கெழக்கையே பாத்துட்டு இருந்தாரு. ஏனுங் கண்ணு, இங்க வெள்ளாமையே இல்லியா, இப்படி இருந்தா என்னத்த வெளையும்னு கேட்டாரு. அவருக்கு ஊரு புடிக்கவே இல்ல, அதுவும் 24ந்தேதி மத்தியானத்தோட கடையெல்லாம் சாத்திட்டாங்க, 25, 26 ரெண்டு நாளும் தொறக்கல, பஸ்ஸும் எப்பவாவது ஒண்ணு. கிறிஸ்துமஸ் சமயத்துல போறவங்க சாப்பாட்டு சாமானை முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க. நாங்க புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டு போயிருந்தோம், பொழச்சோம்.

சரி விஷயத்துக்கு வர்றேன். உங்க கட்டுரைல ட்ரோம்ஸோவுக்கு போனா வானத்தை அண்ணாந்து பாத்தா போதும்ங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. அந்த ஊரு கடலோரம்ங்க. சூடான கடல் நீரோட்டம் பக்கத்துலயே போறதால அவ்ளோ வடக்க இருந்தும் மைனஸ் நாலு அஞ்சுன்னு ஓரளவு தாங்கற குளுருதான், ஆனா அதே கடல்தான் மேகத்தையும் கொண்டாந்து கவுக்குது. வெளிச்சம் 100 கிலோமீட்டர் ஒசரத்துக்கு மேல நடக்குது, மேகம் ரொம்ப கீழயே மறைச்சு நின்னுக்குது. மேல என்ன கூத்து நடந்தாலும் கீழ நமக்கு ஒண்ணும் தெரியாது. இந்த கேபி இண்டெக்ஸ்னு ஒண்ணு எல்லாரும் போன்ல வச்சு பாத்துட்டே இருக்காங்க, பூமியோட காந்தப்புலம் எவ்ளோ கலங்கியிருக்குன்னு சொல்ற நம்பர், சைபர்லருந்து ஒம்பது வரைக்கும், அது எச்சா இருந்தாத்தான் தெரியும்னு நெனச்சுக்கறாங்க. இந்த வெளிச்சம் துருவத்தை சுத்தி ஒரு வளையமா வரும், ட்ரோம்ஸோ அதுக்கு நேர் அடிலயே இருக்கு, அதனால ஒண்ணு ரெண்டு இருந்தாலே போதும். அங்க பாக்க வேண்டியது மேகத்தோட மேப்பைத்தான். அங்க இருக்கற கைடுங்க கூட கேபி பாக்கறத விட நார்வே வானிலை ஆப்பைத்தான் நிமிஷத்துக்கு ஒருக்கா தொறந்து பாக்கறாங்க.

ஊருக்குள்ள தங்கியிருந்தப்ப மேகத்தை தவிர ஒண்ணும் தெரியல. அப்பறம்தான் தொரத்தற பஸ்ஸுல போனோம், அதாவது மேகம் இல்லாத எடத்தை தேடி உள்நாட்டு பக்கம் ஓட்டிட்டு போறது. ஆளுக்கு ஆயிரம் குரோனுக்கு மேல, ஒரு குரோன் எட்டு ரூவாக்கு மேல, நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. ஷிபோட்ன்னு ஒரு சின்ன ஊரு, ட்ரோம்ஸோவுலருந்து ஒண்ணரை ரெண்டு மணி நேரம், நடுவுல லிங்கன் மலைத்தொடர் நின்னு கடல் மேகத்தை தடுத்துக்குது, அதனால அங்க மழையும் கம்மி மேகமும் கம்மி, ட்ரோம்ஸோ யுனிவர்சிட்டியே அங்கதான் வானத்தை பாக்கற நிலையம் வச்சிருக்கு. நம்ம பக்கம் மலைக்கு அந்த பக்கம் மழை கொட்டும் இந்த பக்கம் காஞ்சு கெடக்கும்னு எங்கப்பாவுக்கு சொன்னதும் ஒடனே புரிஞ்சுகிட்டாரு. ஆனா குளுரு அங்க வேற ரகம், மைனஸ் பதினஞ்சுக்கு மேல. பஸ்காரங்களே பஞ்சு வச்ச முழு டிரெஸ்ஸும் பூட்ஸும் குடுத்தாங்க. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஜாக்கெட்டை பத்தி கவலைப்படறதுக்கு முன்னாடி பூட்ஸுக்கு அடில மாட்டற இரும்பு முள்ளு வாங்கி குடுங்க, ஊர்ல எல்லா கடைலயும் கெடைக்கும், ரோடெல்லாம் கண்ணாடியா உறஞ்சு கெடக்கு, விழுந்தா இடுப்புதான்.

எறங்கி நின்னோம். நட்சத்திரம் அவ்ளோ. கைடு ஒரு ஸ்பெயின் பொண்ணு, வடக்க கை காட்டி இதோ வந்துருச்சுன்னா. எல்லாரும் எங்க எங்கன்னு. மலைக்கு மேல ஒரு மங்கலான வெள்ளை பட்டை, அவ்ளோதான். எங்கப்பா சொன்னாரு, தென்னமட்டைய எரிச்சா வர்ற பொகையாட்டம் இருக்குது, இதுக்கா இவ்ளோ தூரம்னு. அதே நேரம் எம்பொண்ணு போனை தூக்கி மூணு செகண்ட் புடிச்சு காட்டறா, ஸ்க்ரீன்ல பளீர்னு பச்சை. அப்பா போனை பாக்கறாரு, வானத்தை பாக்கறாரு, மறுபடி போனை பாக்கறாரு. என்ற கண்ணுல ஏதோ கோளாறு ஆயிருச்சு போலிருக்குதுன்னு பயந்துட்டாரு, அவருக்கு ஒரு கண்ணுலதான் புரை ஆபரேஷன் ஆயிருக்கு, இன்னொண்ணு பாக்கி.

அப்பறம் ஒரு சண்டை நடந்துச்சு பாருங்க எங்க வீட்ல, அந்த குளுருல. பையன் நல்லா பச்சை தெரியுதுங்கறான். பொண்ணு லேசா பச்சைங்கறா. எனக்கு வெள்ளைல ஒரு பச்சை சாயல், சொன்ன பிறகு தெரிஞ்ச மாதிரி. வீட்டுக்காரர் சாம்பல்னு சத்தியம் பண்றாரு. அப்பா ஆபரேஷன் பண்ண கண்ணை மூடி பாத்தா ஒண்ணுமே இல்லங்கறாரு, அந்த கண்ணை தொறந்து இன்னொண்ண மூடினா வெள்ளையா தெரியுதுங்கறாரு. ஒரே எடத்துல ஒரே நேரத்துல நிக்கற ஒரே குடும்பம், ஆளுக்கு ஒரு வானம். யாரும் பொய் சொல்லல. தம்பி அப்பறம் வெவரமா சொன்னான். கண்ணுக்குள்ள ரெண்டு வகை செல் இருக்காம், கூம்பு செல் கலரை பாக்கும் ஆனா அதுக்கு நல்லா வெளிச்சம் வேணும், குச்சி செல் இருட்டுல பாக்கும் ஆனா அதுக்கு கலரே தெரியாது. வெளிச்சம் கம்மியா இருக்கறப்ப குச்சி செல்தான் வேலை பாக்குது, அதனாலதான் சாம்பல். வெளிச்சம் ஒரு அளவை தாண்டினாத்தான் கூம்பு முழிக்கும், அப்பத்தான் பச்சை. வயசாக வயசாக கண்ணுமணி இருட்டுல பழைய மாதிரி விரியாது, லென்ஸும் மஞ்சளாகி கொஞ்ச வெளிச்சத்தை புடுங்கிக்கும். அதனால ஆறாவது படிக்கறவனுக்கு தெரியற பச்சை அப்புச்சிக்கு தெரியாது. செவப்பு இன்னும் மோசம், குச்சி செல்லுக்கு செவப்புங்கறதே கெடையாது, நீங்க படத்துல பாக்கற செவப்புல முக்காவாசி யாரும் கண்ணால பாத்ததா இருக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கு. இருட்டுக்கு கண்ணு பழக இருவது நிமிஷம் அரைமணி நேரம் ஆகும், நடுவுல ஒருக்கா போன் ஸ்க்ரீனை பாத்தா போச்சு, மறுபடி மொதல்லருந்து. பஸ்ஸுல வந்த முப்பது நாப்பது பேரும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா போனை பாத்துட்டே இருந்தாங்க, அதுல ஒருத்தர் பிளாஷ் வேற போட்டு எடுத்துட்டே இருக்காரு, நூறு கிலோமீட்டர் மேல இருக்கறதுக்கு எதுக்குங்க பிளாஷு.

அங்கதான் எனக்கு உங்க படம் மாதிரி படங்க மேல கோவம் வந்தது. எங்க பஸ்ஸுல ஒரு எளவட்ட ஜோடி, எந்த நாடுன்னு தெரியல, கல்யாணம் ஆகி புதுசு போல. அந்த பொண்ணு போன்ல இன்ஸ்டாகிராம் படம் ஒண்ண எடுத்து கைடுகிட்ட காட்டி இது எப்ப வரும்னு கேட்டா. கைடு, இதான் அது, இப்ப மேல இருக்கறதுதான்னா. அந்த பொண்ணு மூஞ்சி சுருங்கிருச்சு. ரெண்டு பேரும் பஸ்ஸுக்குள்ள போய் உக்காந்து ஹீட்டர் போட்டு தூங்கிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்லவும் முடியல, அவங்களுக்கு வித்தது வேற சாமான், கெடைச்சது வேற சாமான்.

அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு.

எப்படின்னா அந்த வெள்ளை பட்டை சும்மாவே கெடந்தது, திடீர்னு கீழ் ஓரம் கூர்மையாச்சு, வெளிச்சம் ஏறுச்சு, ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கத்துக்கு எதோ ஓடுச்சு, அப்பறம் பட்டை ரெண்டாச்சு மூணாச்சு, மடிஞ்சு மடிஞ்சு எங்க தலைக்கு மேல வந்துருச்சு, கீழ் ஓரத்துல ஒரு ரோஸ் கலர் கோடு வேகமா ஓடுது, பனி மேல எங்க நிழல் விழுந்துச்சுங்க, பச்சை வெளிச்சத்துல. இப்ப எங்கப்பா ஒண்ணும் கேக்கல, கைத்தடிய தூக்கி மேல காட்டிட்டே நிக்கறாரு. பச்சைங்கண்ணு, பச்சைங்கண்ணுன்னு அதையே திருப்பி திருப்பி சொல்றாரு. அது எந்த படத்துலயும் இல்ல பாருங்க. ஏன்னா பத்து செகண்ட் தொறந்து வச்ச கேமராவுல அந்த ஓட்டமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கரைஞ்சு போயிரும், மெத்தையாட்டம் பச்சையா ஒரு தேக்கம்தான் மிஞ்சும். ஓட்டம்தான் அதுல விசேஷமே. கலர்ல படம் ஜெயிக்குது, அசைவுல கண்ணு ஜெயிக்குது, உங்க பக்கத்துல கலரை மட்டும் போட்டுட்டு அசைவ பத்தி ஒரு வரி இல்ல.

சில நிமிஷம்தான். அப்பறம் வானம் முழுக்க திட்டு திட்டா மினுக்கு மினுக்குன்னு அணைஞ்சு எரிஞ்சுட்டு இருந்துச்சு, அது ரொம்ப நேரம் இருந்துச்சு. கைடு ஓடிப்போய் பஸ் கண்ணாடிய தட்டினா, அந்த ஜோடி எறங்கி வர்றதுக்குள்ள பெரிய ஆட்டம் முடிஞ்சிருச்சு.

தம்பிகிட்ட பையன் கேட்டான், ஏன் மாமா திடீர்னு வெடிச்சுச்சுன்னு. அவன் சொன்னதை எனக்கு புரிஞ்ச வரைக்கும் எழுதறேன். சூரியன்லருந்து துகளுங்க எப்பவும் வந்துட்டே இருக்கு, செகண்டுக்கு 400 கிலோமீட்டர் சுமாருக்கு. பூமியோட காந்தம் அதை தடுக்குது, தடுக்கறப்ப பூமிக்கு பின்பக்கம் அந்த காந்தப்புலம் நீளமா இழுபடுது, அங்க சக்தி சேந்துட்டே இருக்கும், ஒரு கட்டத்துல தாங்காம பட்டுனு விட்டுரும், அப்ப எலக்ட்ரானெல்லாம் காந்தக்கோட்டை புடிச்சுட்டு துருவத்து பக்கமா எறங்கி காத்துல மோதும். ஆக்ஸிஜன்ல மோதினா பச்சை, அது ஒரு செகண்டுக்குள்ள வந்துரும். அதே ஆக்ஸிஜன்தான் செவப்பும் குடுக்கும், ஆனா அதுக்கு ரெண்டு நிமிஷம் கிட்ட யாரும் இடிக்காம சும்மா இருக்கணும், காத்து ரொம்ப மெலிசா இருக்கற 200 கிலோமீட்டருக்கு மேலதான் அது நடக்கும். கீழ் ஓரத்து ரோஸு நைட்ரஜன். அப்ப நான் பாத்த அந்த ஓரம்தான் எலக்ட்ரானுங்க ரொம்ப கீழ வரைக்கும் பாஞ்சு வந்த எடம்.

இதுக்கு அடிப்படைய மொதல்ல யோசிச்சு சொன்னவர் நார்வேக்காரரு, கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். 1899ல ஆல்டா பக்கத்துல ஹால்டேங்கற மலை உச்சில குளுர்காலம் முழுக்க உக்காந்து பாத்திருக்காரு, அப்பறம் கண்ணாடி பெட்டிக்குள்ள காத்தை உறிஞ்சிட்டு நடுவுல ஒரு காந்த உருண்டைய வச்சு எலக்ட்ரானை விட்டு, துருவத்துகிட்ட வெளிச்சம் வருதுன்னு காட்டினாரு. காந்தக்கோடு வழியா மேல மின்னோட்டம் ஓடுதுன்னு அவரு சொன்னதை அப்ப நெறைய பேரு ஒத்துக்கல, சாட்டிலைட்டெல்லாம் மேல போன பிறகுதான் அது இருக்குன்னு தெரிஞ்சுச்சு. அவரு படம் போட்ட பழைய 200 குரோன் நோட்டு ஒண்ணை தம்பி வச்சிருந்தான். எங்கப்பாவுக்கு இதுலயெல்லாம் சுவாரஸ்யம் இல்ல, ஆனா தம்பி இன்னொண்ணு சொன்னான், இதே ஆளுதான் காத்துல இருக்கற நைட்ரஜனை மின்சாரத்தை வச்சு புடிச்சு கால்சியம் நைட்ரேட் உரம் பண்றதுக்கு 1903ல வழி கண்டுபுடிச்சாரு, அதை வச்சு 1905ல பெரிய கம்பெனியே வந்துச்சுன்னு. அப்பா நிமிந்து உக்காந்துட்டாரு. நாம சொட்டுநீர்ல விடறமே அந்த கால்சியம் நைட்ரேட்டா, நம்ம உரக்கடைல விக்குதே அதுவான்னு. வெளிச்சத்தை கண்டுபுடிச்சவரை விட உரத்தை கண்டுபுடிச்சவரு மேலதான் அவருக்கு மரியாதை, இப்ப தோட்டத்துக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் அதைத்தான் சொல்லிட்டு இருக்காரு.

பையன் நடுவுல விசில் அடிச்சான். கைடு ஓடி வந்து வேண்டாம்னா, அங்க சாமின்னு பேரு உள்ள, மான் மேய்க்கற பழங்குடி ஜனங்க இருக்காங்கல்ல, வெளிச்சம் ஆடறப்ப விசில் அடிச்சா அது எறங்கி வந்து தூக்கிட்டு போயிரும்னு அவங்க பெரியவங்க சொல்லுவாங்களாம். எங்கப்பா, நம்மூர்ல ராத்திரி விசிலடிச்சா பாம்பு வரும்னு சொல்றதில்லையா அதே கதைதான், பேசாம இரு சாமின்னு அதட்டினாரு. அந்த குளுருல பாம்பு எங்கிருந்து வரும்னு இவன் சிரிச்சுட்டே இருந்தான்.

ட்ரோம்ஸோவுல தம்பிக்கு தெரிஞ்ச ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா வீட்டுக்கு சாப்பிட கூப்பிட்டிருந்தாங்க. எண்பதுகள்ல இலங்கைலருந்து வந்து இன்னும் வடக்க ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலைல வேலை பாத்தவங்க நெறைய பேரு, அவரும் அதுல ஒருத்தர். நான் நாங்க பாத்ததையெல்லாம் மூச்சுவிடாம சொல்லிட்டு, உங்களுக்கு மொத தடவை பாத்தப்ப எப்படி இருந்துச்சுண்ணான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. "தங்கச்சி, இரவு வேலை முடிச்சு வெளியில வரேக்க மேல ஆடிக்கொண்டு நிக்கும். ஆர் அதைப் பாத்தது? குளிருக்கை வீட்டை ஓடிப்போய்ச் சேந்தாப் போதும் எண்டிருக்கும்"னாரு. சோறும் மீன் கொழம்பும் போட்டாங்க, அந்த நாலஞ்சு நாளா ரொட்டி தின்ன எங்களுக்கு அதுதான் திருவிழா.

இப்ப அந்த விளம்பரத்துக்கு வர்றேன். கண்டிப்பா பாக்கலாம்னு போட்டிருக்காங்க. அங்கயே பொழப்பு நடத்தற கைடே எங்ககிட்ட உறுதி சொல்லல, மேகம் எங்க கைல இல்லன்னுதான் சொன்னா. எங்களுக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் பேக்கேஜ்ல போயி ஒரே எடத்துல தங்க வச்சு, மழையும் மேகமுமா இருந்து ஒண்ணுமே பாக்காம வந்துட்டாங்க, லோன் போட்டு போனவங்க. விளம்பரத்துல என்ன எழுதறதுன்னு நீங்க சொல்ல முடியாது, தெரியும். ஆனா அதுக்கு மேலயே வர்ற உங்க கட்டுரைல செப்டம்பர்லருந்து மார்ச் கடைசி வரைக்கும்தான் இருட்டு இருக்கும், மே கடைசிலருந்து ஜூலை வரைக்கும் சூரியன் மறையறதே இல்ல, கோடை லீவுல போனா வாய்ப்பே கெடையாதுன்னு ஒரு வரி போடலாமே. நம்ம ஊருல லீவுன்னா மே மாசம்தான், அந்த கட்டுரைய படிச்சு ரெண்டு பேர் மே மாச டிக்கெட் ரேட் விசாரிச்சாங்க, நான்தான் தடுத்தேன். அப்பறம் ஒரே ஊர்ல உக்காராம, மேகம் பாத்து எடம் மாறற மாதிரி ஏற்பாடு வேணும், கைல நாள் மிச்சம் இருக்கணும், இதையெல்லாம் எழுதினா யாருக்கும் நஷ்டம் இல்ல.

இன்னொண்ணு. அந்த கட்டுரைல சூரியன் இப்ப உச்சத்துல இருக்கு, இந்தியாவுலயே தெரியுதுன்னு ஒரு பெட்டிச்செய்தி. 2024 மே மாசம் 10, 11ல பெரிய காந்தப்புயல் அடிச்சப்ப லடாக்ல ஹான்லே வானாய்வு மையத்து கேமராவுல செவப்பா பதிவாச்சு, அது உண்மை. ஆனா அது ஏன் செவப்புன்னு எழுதியிருக்கலாம். பச்சையெல்லாம் கீழ நடக்கறது, அவ்ளோ தூரத்துல இருந்து பாக்கறப்ப பூமி வளைவுக்கு பின்னாடி போயிருது, ஒசரத்துல இருக்கற செவப்பு மட்டும் அடிவானத்துக்கு மேல எட்டிப்பாக்கும். அதுவும் கேமராவுக்குத்தான் நல்லா தெரிஞ்சுச்சு. அதை விட்டுட்டு இந்தியாவுல தெரியுதுன்னு மொட்டையா போட்டா அடுத்து ஊட்டில தெரிஞ்சுதுன்னு ஏஐல செஞ்ச படம் ஒண்ணு வாட்ஸப்ல சுத்தும், நம்ம ஜனங்க காரை எடுத்துட்டு மலை ஏறிடுவாங்க. தமிழ்நாட்டுக்கு அது வர்றதுக்கு வழியே இல்லன்னு சொல்லலாம், பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தென்கோடிய ஒட்டித்தான் போகுது, அதுக்காகத்தான் திருவனந்தபுரம் பக்கத்துல தும்பாவுல எடம் புடிச்சு 1963ல ராக்கெட் விட்டாங்க. துருவத்துல காந்தக்கோடு செங்குத்தா பூமிக்குள்ள எறங்குது, துகளும் அதோட எறங்குது, நம்ம தலைக்கு மேல அது தரைக்கு இணையா படுத்து போகுது, எறங்க படியே இல்ல. ஒலகத்துலயே இந்த வெளிச்சத்துக்கு ரொம்ப தூரமா இருக்கற ஜனங்கள்ல நாமளும் ஒண்ணு.

ஆனா அந்த வெளிச்சத்துக்கு காரணமான சூரியனை நாம உத்து பாத்துட்டுத்தான் இருக்கோம், அதை எழுத உங்களுக்கு எடமே இல்லாம போச்சு. கொடைக்கானல்ல 1899லருந்து சூரியனை பாக்கற நிலையம் இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல சூரியனை படம் எடுத்து சேத்து வச்சிருக்காங்க, 1909ல எவர்ஷெட்ங்கற விஞ்ஞானி சூரியப்புள்ளில வாயு ஓடறதை அங்கிருந்துதான் கண்டுபுடிச்சாரு. கொடைக்கு போறவங்க ஏரில படகு விட்டுட்டு, சாக்லேட் வாங்கிட்டு திரும்பிடறாங்க. சூரியனை பாக்க இஸ்ரோ அனுப்பின ஆதித்யா எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2ல கெளம்பி 2024 ஜனவரி 6ல பூமிலருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி போய் சேந்துச்சு, அந்த திட்டத்தை நடத்தினவங்க நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரங்க. எம்பொண்ணு அங்க கைடுகிட்ட இதை சொன்னப்ப அந்த பொண்ணு ஆச்சரியமா கேட்டா. நார்வே படத்துக்கு நடுப்பக்கம் குடுத்தீங்க, அடுத்த வாரம் கொடைக்கானலுக்கு கால் பக்கம் குடுக்கலாம்.

கடைசியா நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. இந்த மாதிரி வானத்து படம் போடறப்ப, அது துருவத்து வெளிச்சமோ பால்வீதியோ எதுவா இருந்தாலும், கீழ சின்ன எழுத்துல எத்தனை செகண்ட் தொறந்து வச்சு எடுத்ததுன்னு போடுங்க, கண்ணுக்கு இதை விட மங்கலா தெரியும்னு நாலு வார்த்தை சேத்து போடுங்க. போட்டோ எடுத்தவரை கேட்டா சொல்லிருவாரு, கேமராவுலயே அந்த வெவரம் பதிவாகி இருக்கும். அப்படி போட்டிருந்தா அந்த ஜோடி பஸ்ஸுக்குள்ள போய் தூங்கியிருக்க மாட்டாங்க, எங்கப்பாவும் கண்ணு போச்சுன்னு பயந்திருக்க மாட்டாரு.

இதோட ரெண்டு படம் அனுப்பியிருக்கேன், எம்பொண்ணு எடுத்தது, ஒரே எடத்துல நின்னு அடுத்தடுத்து எடுத்தது. ஒண்ணு எட்டு செகண்ட், உங்க படத்தை விட பச்சையா இருக்கும். இன்னொண்ணு எங்க கண்ணுக்கு தெரிஞ்ச அளவுக்கு செகண்டை கொறச்சு எடுத்தது, அதுல மலையும் ஒரு மங்கல் கோடும்தான் இருக்கும், பிரிண்ட்ல வந்தா கருப்பா தெரியும்னு உங்க ஆளுங்க சொல்லுவாங்க, பரவால்ல. போடறதா இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, பச்சைய மட்டும் எடுத்து போட்டுறாதீங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகி,
கோயம்புத்தூர்